சேர்ப்பித்தல்

பதிவுத்தபாலில் வந்தது. ஒப்பம் வைத்தது நான்.
பெயர் அவருடையது:
தில்லையம்பலம் குகதாசன், அரிசி ஆலை, மாங்குளம்.
முழுக்கச் சிங்களம். வங்கிப் பெடியன் வாசித்துச் சொன்னான்:
பதினைந்தாம் ஆண்டு நீங்கள் உழைத்ததில்
குறைத்துக் காட்டியது இவ்வளவு,
தண்டத்தோடு இவ்வளவு,
முப்பது நாளுக்குள் நீங்கள்.

‘நீங்கள்’ எண்டே போட்டிருக்கு?
‘ஓம் அன்ரி, மரியாதையாத்தான்.’
எந்தச் சொல் என்று காட்டச் சொன்னேன்.
உமித்தூசி விரலால் தொட்டேன். மை ஒட்டவில்லை.

கிளிநொச்சியில் சட்டத்தரணி றெஜினா
விளக்கைக் கிட்ட இழுத்துப் பார்த்தா.
ஒப்பம் இல்லை, றப்பர் முத்திரை மட்டும்.
தமிழ்ப் பிரதி இல்லை. காரணம் எழுதவில்லை.
திகதிக்கும் தபால் முத்திரைக்கும் பத்தொன்பது நாள்.
‘இதெல்லாம் வாதாடலாம், இழுபடும்.
ஒரே வெட்டில விழுத்தலாம் அக்கா:
செத்த ஆளுக்கு அனுப்பின அறிவித்தல் செல்லாது.
மரணச் சான்றிதழை இணைச்சால்
ஒரு பக்கக் கடிதம், முடிஞ்சுது.’

அதை எடுக்கச் சொல்லி
கச்சேரி மூன்று தரம் ஆளனுப்பியது.
ஆலை உரிமத்தைப் பெயர் மாற்றவும் அதையே கேட்டார்கள்.
மாற்றவில்லை.
அதனால்தான் காணாமற்போனவர்
பதினைந்தில் நெல் குற்றினார், லாபம் கண்டார்,
கணக்கில் குறைத்தும் விட்டார்.
கள்ளன்.

‘உதைச் சட்டப்படி எப்பிடிச் சேர்ப்பிக்கவேணும்?’
‘கையில. இல்லாட்டி
கடைசியா அறியப்பட்ட விலாசத்துக்கு.’

பஸ்சுக்குள்ளேயே எழுதினேன்.

ஐயா,
உங்கள் அறிவித்தல் முறைப்படி சேர்ப்பிக்கப்படவில்லை.
மாங்குளம் அவருடைய கடைசி விலாசம் அல்ல.
கடைசியாக அறியப்பட்டது வட்டுவாகல் பாலம்,
வைகாசி மாதம், காலை ஒன்பது மணிபோல.
நீலச் சேட்டு. ஆலைச் சாவிக்கொத்தும் அவரிடம்.
அதற்குப் பிறகான விலாசம்
உங்கள் கந்தோர்களில் ஏதோ ஒன்றில் இருக்கவேண்டும்.
அங்கே கையில் கொடுத்து, ஒப்பம் வாங்கி,
எனக்கொரு பிரதி அனுப்பவும்.
தொகையைப் பற்றி ஆட்சேபணை இல்லை.

‘இது சட்டத்தில நிக்காதக்கா’ என்றா றெஜினா.
பதிவுத்தபாலுக்குக் காசு அவவே கட்டினா.

நாற்பத்தொரு நாள்.
எஞ்சின் ஓடினால் தபால்காரனின் மணி கேளாது.
பத்து மணிக்கு ஒருக்கா நிப்பாட்டிவிடுகிறேன்.
நெல் கொண்டுவந்தவர்கள்
கறண்ட் போட்டுதோ என்று கேட்கிறார்கள்.