புள்ளி விட்டுப்போன வெயில்

முதலில் அது ஒரு தப்பு.
மே மாதம், காந்தி ரோடு லாட்ஜில் இரவு ரிசப்ஷன்,
மின்விசிறி சுற்றியும் சுற்றாமலும்.
இருபத்துமூன்றாம் அறை மால்டாக்காரர்
சாவி கேட்டுவிட்டு வாங்க மறந்து
நாற்காலியிலேயே தூங்கிப்போனார்,
மடியில் எக்ஸ்ரே உறை.
பழைய பில்லின் பின்பக்கத்தில் அவரை வரைந்தேன்.
படம் எடுத்து, அடியில்
வேலூர்வெயில் என்று அடிக்கும்போது
கட்டைவிரல் வியர்வையில் வழுக்கி
கடைசிப் புள்ளி விழவில்லை.

#வேலூர்வெயில

சிறைச் சன்னல் மாதிரி இருக்கும் அந்தக் குறி,
குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு.
தொரப்பாடியில் வளர்ந்தவனுக்கு
வேறெப்படித் தோன்றும்.
ஆறாம் நாள் அதற்குள்ளிருந்து ஒருத்தி கேட்டாள்:
"இன்னாபா, புள்ளிய வெயில்ல காயப் போட்டியா?"

ஷமீமா. மேல்விஷாரம், ஷூ கம்பெனித் தையல் லைன்.
வெட்டித் தள்ளிய லைனிங் துணியில்
முன்வரிசை முதுகுகளை வரைபவள்.
பிறகு குடியாத்தத்து ஏகாம்பரம்,
தீப்பெட்டி லேபிளின் பின்புறத்தில் தெருநாய்கள் மட்டும்.
காட்பாடி டிக்கெட் கவுன்டர் யோவான்:
கண்ணாடிக்குக் கீழே நுழையும் கைகள்,
கைகள், கைகள், ஒருமுறை ஆறு விரல்.
மொத்தம் ஒன்பது பேர்.
பத்தாவது ஆள் ஒருவாரம் இருந்தார்,
அப்புறம் அவருக்குக் கல்யாணம்.

யாரும் யாரையும் பின்தொடரவில்லை.
ஒரே டீக்கடைக்கு வருகிறவர்கள்
போன் நம்பரா வாங்கிக்கொள்வார்கள்?
இரண்டு நாள் வராவிட்டால்
"எங்க ஆளக் காணோம்" என்பார்கள், அவ்வளவுதான்.
ஷமீமாவின் அம்மா ஐசியூவில் கிடந்தபோது
யோவான் போட்டது ஒரே ஒரு கை.
கீழே எதுவும் எழுதவில்லை.

ஒரு எழுத்துப்பிழைக்குள்
வாடகையில்லாமல் குடியிருந்தோம்.

இந்தப் பங்குனியில்
ஒரே மாதிரிச் சொற்களை ஒன்றாக்கிவிட்டார்களாம்.
பிழையை இனி இயந்திரமே திருத்துமாம்.
தட்டினேன். திறந்தது,
ஒழுங்காக, புள்ளியோடு:
நூற்றுநாலு டிகிரிச் செய்தி,
ஏசி தவணைத் திட்டம்,
கோட்டை அகழிமுன் கூலிங்கிளாசோடு சுழலும் பையன்,
நுங்கு சர்பத், நுங்கு சர்பத்.
எதையும் அழிக்கவில்லை அவர்கள்.
எல்லாம் அங்கேதான் இருக்கிறதாம்,
பாலாற்றில் தண்ணீர் இருப்பதுபோல.

அந்த வாரம் என் படத்தை
நாலாயிரம் பேர் பார்த்ததாகக் கணக்கு வந்தது.
வாழ்நாளில் முதல்முறை.
ஒருவர் மட்டும் கேட்டார்: "ரூம் ரென்ட் எவ்ளோ?"
பதில் சொன்னேன்.
டபுள் பெட், ஏசி இல்லாமல், அறுநூறு.

என்னென்னவோ செய்தோம் என்று சொல்ல ஆசை.
நாங்கள் என்பதே அதற்குள்தான் இருந்தது.
ஆகவே நான் மட்டும்
வெயீல், வெய்யில, வெயிலு என்று
ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.
பொறுமையாகத் திருத்தித் திருத்தி
அதே நுங்கு சர்பத்தில் கொண்டுவந்து விட்டது.

நேற்று லீவு. காட்பாடி போனேன்.
மூன்று கவுன்டர்.
யோவானின் கோடு தெரியும், முகம் தெரியாது.
முன்பதிவுப் படிவத்தில் பெயருக்கான கட்டங்களில்
வே லூ ர் வெ யி ல
என்று நிரப்பி நீட்டினேன்,
வரைய வசதியாக விரல்களை விரித்து.

உள்ளே இருந்தவர் படித்தார்.
சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து
கடைசி எழுத்தின் தலையில்
ஒரு புள்ளி வைத்தார், நேர்த்தியான புள்ளி.
"பேரு இதானா சார்? ஐடி ப்ரூஃப் இருக்கா?"
படிவம் திரும்பி வந்தது.

பக்கத்துக் கவுன்டரில் வரிசை வாசல்படி வரைக்கும்.
புதிதாக ஒரு படிவம் எடுத்துக்கொண்டு
நின்றேன்.