நாற்பத்தோராம் குறிப்பு

கோத்தகிரி தாலுகா ஆபீஸ் மாடி.
ஹீட்டரில் ஒரு கம்பி மட்டும் சிவக்கும்.
எனக்குத் தந்த வேலை:
மண் இளகும் ராத்திரியில்
கம்பத்து ஸ்பீக்கர் பேச வேண்டிய குரலை
எழுதிக் காட்டுவது.

வாக்கியத்தில் கை வைக்க முடியாது. கையெழுத்தாகி வந்தது.
"தும்பெட்டி லைன். மண் சரியலாம்.
உடனே பள்ளிக்கூடத்துக்கு வாங்க."
அதற்கு மேலே காலியாக ஒரு பெட்டி.
எப்படிச் சொல்ல வேண்டுமென்று
நம் பேச்சிலேயே எழுதினால் போதும், கேட்கும்.
கேட்கும் என்றால்
கேட்டுத் தொலைக்கும்.

"கனிவான பெண் குரல்" என்று தொடங்கினேன்.
விழித்திருந்தவனையும் தூங்க வைத்தது.
"கண்டிப்பாக" என்றேன்.
பாமாயில் தீர்ந்துபோன ரேஷன் கடை பேசியது.
"அவசரம்" என்றதும் மூச்சிரைத்தது,
குஞ்சப்பனையிலிருந்து நடந்தே ஏறி வந்தாற்போல.
"அவசரம், ஆனால் பயம் கூடாது":
நகைக்கடைத் திறப்பு விழா.

பக்கத்து மேசையில் யோகமலர்,
பட்டா மனுக்களைக் கணினியில் ஏற்றுபவள்,
எட்டிப் பார்த்தாள்.
"மலைக்காரப் பொம்பள மாதிரின்னு போடுங்க சார்."
போட்டேன்.
சமவெளியில் யாரோ எடுத்த படத்தின் மலைக்காரி
சொல்லுக்குச் சொல் கொலுசு கட்டிக்கொண்டு வந்தாள்.
யோகமலர் சிரித்தாள்,
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இருபதில் பனியைச் சேர்த்தேன்.
"மூடுபனிக்குள் நின்று பேசுவதுபோல."
சொல் நுனிகளை விழுங்கிவிட்டது.
பள்ளிக்கூடம் பள்ளம் என்று கேட்டது.

முப்பத்திரண்டு:
"அடுப்பில் பால் பொங்குதென்று
அடுத்த அறைக்குச் சொல்வதுபோல."
எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.
அதற்குத் தெரிந்த பால்
தை மாசத்துப் பால்.
மண் சரியலாம் என்று குலவை போட்டது.

கோயமுத்தூரிலிருந்து நிஷாந்த் போனில் சொன்னான்:
"உவமையெல்லாம் வேணாம் சார்.
வேகம், அழுத்தம், இடைவெளி, அத எழுதுங்க.
அது ஆளைப் பாத்ததில்ல,
ஆளைப் பத்தி எழுதினதத்தான் பாத்திருக்கு."
வைத்த பிறகு உறைத்தது.
தும்பெட்டி லைனுக்கு
நானும் போனதில்லை.

யோகமலர் பிறந்தது அங்கே.
ஏழு மணிக்கு, பையில் டிபன் டப்பாவைத் திணித்தபடி
கேட்காமலே சொன்னாள்:
"பத்தாவது படிக்கிறப்ப ஒரு மழை சார்.
ராத்திரி ரெண்டு மணி. கடைசி வீட்டுக்காரி கதவத் தட்டினா.
கத்தல. எங்கப்பா பேரச் சொன்னா.
சொல்லிட்டு நின்னா.
உள்ள லைட்டு எரியுற வரைக்கும் நின்னா.
அப்புறம்தான் மத்தத."

நாற்பத்தொன்று:
"ஒருத்தி. நாற்பது வயசு இருக்கும்.
தன் வீட்டை ஏற்கெனவே விட்டு வந்தவள். நனைந்திருக்கிறாள்.
சத்தம் போடமாட்டாள்.
ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு
விளக்கு எரியும்வரை காத்திருப்பாள்.
மீதியை
எழுந்துவிட்ட ஆளிடம் சொல்வாள்."

பொத்தானை அழுத்தினேன்.
"தும்பெட்டி லைன்."
பிறகு ஒன்றும் இல்லை.
கரண்டு போய்விட்டதோ என்று பார்த்தேன்.
யோகமலர் திரும்பினாள்,
திரைப் பக்கம் இல்லை,
கதவுப் பக்கம்.

ஐப்பசியில் இரண்டு முறை பேசியது.
முதல் முறை ஒரு பிடி மண்கூட விழவில்லை.
பள்ளிக்கூடத்தில் விடிய விடியப் பல் கிட்டியவர்கள்
என்னைத்தான் ஏசினார்கள்.
இரண்டாம் முறை
கடைசி இரண்டு வீடும் ஒரு மாட்டுக் கொட்டகையும் போயின.
வீட்டில் ஆள் இல்லை. கொட்டகையில் மாடு இருந்தது.

நேற்று ஒரு மனு, நான்கு கைரேகையோடு.
'தும்பெட்டி' என்பதை அந்தம்மா
'தும்பட்டி' என்கிறார்களாம்.
எடுத்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
அந்தம்மாவிடம்
இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.