பதினேழாம் கேள்வி

கொன்கூர் நுழைவுத் தேர்வுக்கு
இன்னும் பத்தொன்பது நாள்.
சொல்மாஸ் படிப்பாள், நான் நேரம் பார்ப்பேன்.
பத்திக்கு எட்டு நிமிடம்.
கூலி, ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை.

உர்மியாவில் அன்றும் உப்புக்காற்று.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்திருந்தோம்.

ஆங்கிலப் பத்தியில் ஓர் ஏரி,
எந்த நாட்டிலோ,
நான்கே வாக்கியத்தில் வற்றிப்போனது.

ஆசிரியரின் தொனி என்ன?
கோபம், வருத்தம், நடுநிலை, கிண்டல்.

பென்சில் வருத்தத்தின் மேல் நின்றது.
அப்பாவின் சவாரிப் படகு
நின்ற இடத்திலேயே நிற்கிறது,
தண்ணீர்தான் போய்விட்டது.
அதன் நிழலில் இப்போது நாய்கள் தூங்குகின்றன.

விடைப் பக்கம் புரட்டினோம்: நடுநிலை.
கீழே பொடி எழுத்தில்,
பத்தியில் உள்ளதை மட்டும் கொண்டு விடையளிக்கவும்.

அழித்தாள், தாள் கிழியும்வரை.
ஓரத்தில் எங்கள் துருக்கியில் கிறுக்கினாள்:
இந்த ஆளுக்குப் படகு இல்லை.

அடுத்த பத்தி பென்குயின்கள்.
எங்கள் வீட்டில் யாருக்கும்
பென்குயினோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது.
ஐந்தரை நிமிடம்.
எல்லாமே சரி.