பத்து இறாத்தல்

வாழைச்சேனைத் துறைக்குப் பின்னால்
ஐஸ் வாடிக்கும் டீசல் பீப்பாய்க்கும் நடுவே
பலகைக் கட்டையில் மாட்டி நிற்கிறது
நாற்பது குதிரை.
தொப்பியைக் கழற்றிவிட்டேன்.
"பதினொரு வாடை கண்ட மிசின்,
ஒருநாளும் நடுக்கடலில கையைவிடல்ல,"
என்கிறான் கிருபைராசா.
விற்கிறவன் வாய்க்கு
மீற்றர் கிடையாது.

நேசமலர் பேசவில்லை.
சந்தையில் தராசு பிடிக்கிறவள்.
சேலைத் தலைப்பில் சங்கக் கடன் முடிச்சு,
முழங்கையில் இன்னும் கொடுவாச் செதில்.

பிளக் இரண்டையும் கழற்றினேன்.
மேலது பால்தேத்தண்ணி நிறம்.
கீழது கறுப்பு, ஈரம்.
சிவப்புக் கிளிப்பை உருவி
திறொட்டிலை முழுதாகத் திறந்து வைத்தேன்:
தொண்டையை மூடிக்கொண்டு
எவனாலும் தன் மூச்சைக் காட்ட ஏலாது.

கேஜை மேல் துவாரத்தில் திருகி
"இழு" என்றேன்.
அறுபது.
தொண்ணூறு.
நூற்றிப் பத்து, நூற்றி இருபத்திரண்டு;
ஐந்தாம் இழுப்பிலும் முள் அங்கேயே நின்றுகொண்டது.

கீழ்த் துவாரம்.
நாற்பது, எழுபது,
தயங்கித் தயங்கித் தொண்ணூறு,
நூற்றி மூன்று.

"நூறைத் தாண்டிட்டு, பாத்தியா கா!"
மூச்சு வாங்கச் சிரிக்கிறான் கிருபைராசா.
நூறு எங்கள் கரையில் ஒரு கோடு.
மேலே என்றால் ஓடும்.
கீழே என்றாலும் ஓடும்,
எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்லாது.

நான் பேசவேண்டிய இடம் அதுதான்.
பேசவில்லை.
போன மாதம் அவனிடம் கைமாற்றாக வாங்கிய ஆறாயிரம்
நாக்கின் கீழே கிடந்தது.

காற்றை விட்டேன்.
ஸ்ஸென்று இறங்கிய முள்
வழக்கமான இடத்தில் வந்து குந்தியது.

"அண்ணன்," என்றாள் நேசமலர்,
"இப்ப இதுக்குள்ள காத்து ஒண்டும் இல்லத்தானே?"
"இல்ல."
"அப்ப முள் ஏன் பத்தில நிக்கிது?"

கல் வைக்குமுன்பே தட்டுச் சாய்ந்திருந்தால்
யாருடைய மீன் யாருடைய சட்டிக்குப் போகும் என்று
அவளுக்கு நான் சொல்லவேண்டுமா?

ஒருமுறை தோணி விளிம்பிலிருந்து விழுந்த கேஜ்.
அன்றிலிருந்து பத்து இறாத்தல் கூடச் சொல்லும்.
கழித்துக்கொள்வேன், எப்போதும்.
இன்றைக்குத்தான்.

"பத்தைக் கழிக்கவேணும்," என்றேன்,
கிருபைராசாவின் முகம் பாராமல்.
நூற்றிப் பன்னிரண்டு.
தொண்ணூற்று மூன்று.

கீழ்ச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் ஊற்றி
மறுபடி இழுக்கச் சொன்னேன்.
இழுத்தான், கயிற்றோடு கோபம் வந்தது.
முள் ஏறியது. நூற்றிப் பதினெட்டு.
ஒயில் போய் அடைத்த சந்து வழியாகத்தான்
இத்தனை நாளும் மூச்சு ஒழுகியிருக்கிறது.
"றிங் தேஞ்சிருக்கு. சுவரிலயும் கீறல் இருக்கலாம்.
கழட்டினாத்தான் தெரியும்."

கேஜை எடுக்கச் சொன்னாள்.
குனிந்து, கீழ்த் துவாரத்தில் பெருவிரலை வைத்து அமுக்கினாள்.
"இழுங்க."
விரலைத் தள்ளிக்கொண்டு ஒயில் தெறித்தது,
சேலையில், கன்னத்தில். துடைக்கவில்லை.
மேல் துவாரத்திலும் வைத்தாள்.
இரண்டு மூச்சையும் கையிலேயே நிறுத்துப் பார்த்தாள்.

பிறகு கேட்டாள்:
றிங் செட் என்ன விலை, கழட்டிப் பூட்ட என்ன கூலி,
சுவரும் பிழையென்றால் எவ்வளவு.
சொன்னேன்.
முடிச்சை அவிழ்த்து எண்ணினாள்.
அவ்வளவையும் தனியே எடுத்து இடுப்பில் செருகி
மீதியை நீட்டினாள்.
ஒவ்வொரு தாளிலும் கறுத்த பெருவிரல்.

கிருபைராசா படகுகளைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
வாங்கினான்.
போகும்போது சொன்னான்:
"அந்த ஆறாயிரம், வெள்ளிக்கிழமை."

கேஜைத் துடைத்தேன்.
பெட்டி மூடியின் உட்புறம்
'பத்துக் கழி' என்று எழுதப் பார்த்தேன்.
கிறீஸில் பேனை வழுக்கியது.
ஆணியால் கீறினேன்.