கடைசித் தரிப்பு: ஹின்டர்மூஸ்

என் பஸ்ஸின் கதவுக்கு மேலே
சிவப்பாக ஒரு கண் இருக்கிறது.
ஏறுவதை எண்ணும், இறங்குவதை எண்ணும்.
வேறெதற்கும் இமைக்காது.

நாளுக்கு முப்பது தலை தேறாவிட்டால்
இந்தத் தடத்தை நிறுத்திவிடலாம் என்று
மார்ச்சில் கன்டோனிலிருந்து கடிதம்.
அந்த வாரச் சராசரி பத்தொன்பது.
பத்தொன்பதில் ஒன்று, சத்தியமாகச் சொல்கிறேன்,
பிர்மின் கயிற்றில் கூட்டிவந்த ஆட்டுக்குட்டி.

தீயணைப்புக் கொட்டகையில் ஊர்க்கூட்டம்.
போகப்போவது என் வேலை என்பதால் நானும் போனேன்,
சீருடையோடு, பின்வரிசைக்கு.
ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பண்டம் உண்டு,
நமக்கு என்ன இருக்கிறது என்றார் தலைவர் பால்ட்ஸ் ஷ்மூக்கி.
பாலாடைக்கட்டியா? பக்கத்து ஊர் முந்திவிட்டது.
தேனா? அதற்கடுத்த ஊர்.
மாட்டு மணியோசை என்றது ஒரு குரல்.
போத்தலில் அடைக்க முடியாதே என்றது இன்னொன்று.
பனிமூட்டம் என்றார் பிர்மின்,
நவம்பர் முழுக்கக் கிடைக்கும், இலவசம்.
சிரித்தோம்.
பிறகு நெடுநேரம் யாரும் சிரிக்கவில்லை.

அந்த அமைதியில்தான் வாசம் வந்தது.
மூலையில், தண்ணீர்க் குழாய்ச் சுருள்களுக்குப் பின்னால்,
போன வருஷ விழாவுக்கென்று பிழிந்து
விழா மழையில் நின்றுபோனதும்
எல்லோரும் மறந்துவிட்ட
பேரிக்காய்ச் சாற்றுப் பீப்பாய்.
பழம் நழுவிப் பாலில் விழும் என்பார்கள்.
இங்கே நழுவிப் புளிப்பில் விழுந்திருந்தது.
லடீனா விரலால் தொட்டு நக்கினாள்.
கண்ணை மூடினாள்.
திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தாள்.
"வினாகிரி" என்றேன் நான், தமிழில்,
ஒருவரும் கேட்காமலே.

அதற்கப்புறம் நான் மேலே கொண்டுபோனவை:
வெற்றுப் போத்தல் பெட்டிகள், ஒரு சாக்குத் தக்கை,
முகம் சுளித்தே பழகிய சுகாதாரப் பரிசோதகர்
(போக ஒன்று, வர ஒன்று, இரண்டு தலை),
நகரத்திலிருந்து விளம்பரக்காரர் ஒருவர்.
1780 முதல் என்று போடுவோம் என்றார் அவர்,
வருகிறவர்களுக்குப் பழமை பிடிக்கும்.
1780இல் இங்கே பேரிமரமே இல்லை,
காடுதான் என்றாள் லடீனா.
ஒட்டுச்சீட்டில் அவளே எழுதினாள்:
போன வருஷத்திலிருந்து. தவறுதலாக.

அந்தச் சீட்டைப் படமெடுக்கத்தான் முதலில் ஆள் வந்தது.
பிறகு கரண்டியில் ஒரு துளி ருசிக்க.
பிறகு, வந்ததே வந்தோம் என்று,
மேட்டுக் காட்டுவரை நடக்க, இரவு தங்க.
பிர்மின் வைக்கோல் பரணில் மூன்று கட்டில் போட்டார்.
அதே ஆடு, இப்போது கொம்போடு,
வாசலில் நின்று படத்துக்கு முகம் கொடுக்கிறது.

சனிக்கிழமை நிற்க இடமில்லை.
சிவப்புக் கண் இமைத்துத் தள்ளியது.
நாலு நிமிடம் பிந்தினேன், பதினோரு வருஷத்தில் முதல் தடவை.
லடீனாவுக்கே இருக்கை கிடைக்கவில்லை.
கம்பியைப் பிடித்தபடி முணுமுணுத்தாள்:
இதற்காகவா நான் அன்றைக்கு நக்கினேன்.

நம் மரங்களில் இந்த வருஷக் காய்ப்புப் போதாதாம்.
பள்ளத்தாக்கிலிருந்து லாரியில் பழம் வாங்கலாமா,
கீழேயிருந்து வந்தது இந்த ஊர்ப் பண்டமாகுமா என்று
அடுத்த மாதம் கூட்டம்.
போவேன். அதே பின்வரிசை.

ஏழாம் கொண்டைஊசி வளைவில்
யாருடைய பையிலோ ஒரு போத்தல் உடைந்தது.
மூன்று தடவை கழுவியும் போகவில்லை.
திங்கள், கடைசி நடை.
ஏற யாரும் இல்லை, இறங்க யாரும் இல்லை.
ஆனாலும் ஒவ்வொரு தரிப்பிலும் கதவைத் திறப்பது விதி.
ஹின்டர்மூஸில் திறந்தேன்.
புளித்த பேரிக்காய் வாசம் படியிறங்கி
இருட்டுக்குள் போனது.
கண் இமைக்கவில்லை.