பதினேழாவது

கௌனஸில் கடைசி டிராலிபஸ் போன பிறகு
யுர்கிதா மருந்தைக் கழுவி வடித்தாள்.
லென்ஸுக்கடியில் தட்டு.

முதலில் சுருங்கும். பக்கத்து செல்லிடமிருந்து
ஒட்டை விட்டு விலகும்.
உட்கருவின் நூல்கள் திரண்டு
ஓரத்தில் பிறையாகும்.
பிறகு உலைபோல் கொதிக்கும்,
சத்தமில்லாமல்.
கடைசியில் பொட்டலங்கள்.
அண்டைவீட்டார் விழுங்கிவிடுவார்கள்:
சீழில்லை, சிவப்பில்லை,
துக்கம் விசாரிக்க ஆளில்லை.

ஒன்பது, 1.40. பன்னிரண்டு, 2.05.
பதினேழு, 2.20, கொதிப்பு.
'முடிந்தது' என்றும் முன்கூட்டியே எழுதிவிட்டு
தாழ்வாரத்தில் நின்று கறுப்பு ரொட்டி தின்றாள்.

வந்து பார்த்தால்
பதினேழு
குமிழ்களை ஒவ்வொன்றாய் உள்ளே இழுத்துக்கொண்டு
காலை நீட்டிப் படுத்திருக்கிறது.

அட்டவணையில் இதற்குக் கட்டமில்லை.
பஸ் அட்டையின் விளிம்பை வைத்து
ஒரு கோடு இழுத்தாள்,
கொஞ்சம் கோணலாக.
தலைப்பு எழுதவில்லை.