மற்றவை

பீன்யா இரண்டாம் கட்டம்.
மழைத்தண்ணீர் வடியாத குறுக்குத் தெரு.
பாதி தூக்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தால்
முதலில் எண்ணெய் வாசனை,
அப்புறம்தான் ஆட்கள்.

இங்கே என் வேலை
இரும்புக்கு எண் சொல்வது.

மரை உள்ளதா, மரை இல்லாததா?
போல்ட், நட்டு: எழுபத்து மூன்று பதினெட்டு.
வாஷருக்கும் அதே வீடுதான், அறை மட்டும் வேறு.
சுருள்வில் என்றால் எழுபத்து மூன்று இருபது.
எதிலும் சேராமல் தட்டின் ஓரத்தில்
கொக்கிபோல் ஒன்று கிடக்கும்,
காதுமடல்போல் ஒன்று,
வரைபடத்திலேயே பெயரில்லாத ஒன்று.
அவற்றுக்கு எழுபத்து மூன்று இருபத்தாறு:
இரும்பாலோ எஃகாலோ ஆன
மற்றவை.

"தெரியலேன்னா அதுல போடும்மா,
கஸ்டம்ஸ்ல கேட்டா பாத்துக்கலாம்"
என்பார் நஞ்சுண்டப்பா.
நான் அவ்வளவு சீக்கிரம் போடமாட்டேன்.
எங்கே தாங்கும், எங்கே உரசும் என்று
திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான்.

எண் வாங்கியதெல்லாம் கட்டும் மேசைக்குப் போகும்.
துடைத்து, எண்ணெயில் முக்கி,
மஞ்சள் தாளில் மடித்து,
ஈரம் குடிக்கும் பொட்டலம் இரண்டு வைத்து
இன்னாசியம்மா வாய்கட்டுவாள்.
கோலார் தங்கவயல்காரி.
"எங்கப்பா தோண்டினது தங்கம்,
எனக்கு வாய்ச்சது இது" என்பாள்,
சிரிக்காமல்.

ஒரு அட்டைப்பெட்டி பதினைந்து கிலோ தாண்டக்கூடாது.
அந்த ஊரில் தூக்குகிறவர் முதுகுக்கு அதுதான் கணக்காம்.
பிபூதி மூன்று பெட்டிகளை ஒன்றாகத் தூக்கிவந்து
பைன்மரக் கூட்டுக்குள் இறக்குகிறான்.
அவன் முதுகுக்கு யாரும் கணக்கு அனுப்பவில்லை.

ஆவணியில் ஹாம்பர்க்கிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது.
பளபளக்கும் பின் ஒன்றின் மேல்
பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.
வேர்வை பட்ட இடம்
எண்ணெய்க்கு அடியிலேயே
நாற்பது நாள் கடலில் துருவாய் விளைந்திருக்கிறது.
ஒவ்வொரு கோடும் தெளிவு.
ரேஷன் கடை மெஷின்கூட
இவ்வளவு சுத்தமாய் எடுத்ததில்லை.

நஞ்சுண்டப்பா அதைப் பெரிதாக அச்செடுத்து
மேசைக்கு மேலே ஒட்டினார்.
"யாரு கை?"
எல்லாரும் அவரவர் விரலைப் பார்த்தோம்.
ரேகையின் நடுவே குறுக்காக
துருப் பிடிக்காத ஒரு வெள்ளைக் கீற்று.
போன தையில் ஸ்டீல் பட்டை தெறித்து
இன்னாசியம்மாவுக்குப் பட்ட காயம் அப்படித்தான் ஆறியது.
நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

அவள் அந்த விரலை மட்டும்
உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள்.

புகார்த் தாள் என்னிடம் வந்தது.
காரணம் என்று போட்டு, எதிரே கட்டங்கள்:
எண்ணெய் குறைவு.
தாள் கிழிவு.
பெட்டி சேதம்.
மற்றவை.

இந்த முறை
நான் திருப்பிப் பார்க்கவில்லை.
கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன்.
கீழே, "கையுறை இருபது ஜோடி வேண்டும்,
விரல்நுனி கிழியாதது" என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டேன்.

பதினொரு ஜோடி வந்தது.
சாயங்காலம் சென்னைத் துறைமுகத்துக்கு லாரி.
எடைமேடையில் ஓட்டுநர் இறங்க மறந்துவிட்டார்,
மறுபடி நிறுத்தினோம்.